பெயரைச் சொன்னால் இடத்தைத் தேடித் தரும் கணினி: கிரேஸ் ஹாப்பர்

கிரேஸ் ஹாப்பர் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஒரு விட்டில்பூச்சி. 1947 செப்டம்பர் 9-ஆம் நாள், ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் மார்க் 2 கணினிக்குள் சிக்கிக் கிடந்த பூச்சியை எடுத்துப் பணிக்குறிப்பேட்டில் ஒட்டிவைத்தார்கள். அதைக் கண்டெடுத்தவர் ஹாப்பர் அல்லர், உடன் பணியாற்றியவர்கள். 'பக்' என்ற சொல்லும் அதற்கு வெகுகாலம் முன்பே பொறியாளர்களிடம் புழங்கியது. அக்கதையைப் பல ஆண்டுகள் சுவையாகச் சொல்லிவந்ததால் பூச்சி அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அவருடைய உண்மையான சாதனையோ, நிரல் எழுதும் ஒவ்வொரு மாணவரும் இன்று அறியாமலேயே பயன்படுத்தும் ஒன்று.

1906 டிசம்பர் 9-ஆம் நாள் நியூயார்க்கில் பிறந்தார். ஏழு வயதில், அலாரக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க ஒன்றைக் கழற்றினார். திரும்பப் பூட்டத் தெரியவில்லை. வழி தெரிந்துகொள்ள அடுத்ததைக் கழற்றினார். அம்மா கண்டுபிடிப்பதற்குள் வீட்டிலிருந்த ஏழு கடிகாரங்களும் கழன்றுவிட்டன. இனி ஒன்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதே அவருக்குக் கிடைத்த தண்டனை. 1928-இல் வாசர் கல்லூரியில் கணிதமும் இயற்பியலும் படித்துப் பட்டம் பெற்றார். 1934-இல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவரானார். வாசரிலேயே விரிவுரையாளராகவும் இருந்தார்.

1941 டிசம்பரில் ஜப்பானியப் படை நம் கோத்தா பாருவில் இறங்கிய அதே வேளையில்தான் அமெரிக்காவின் பேர்ல் துறைமுகமும் தாக்கப்பட்டது. ஹாப்பர் கடற்படையில் சேர விரும்பினார். வயது கூடுதல், உடல் எடை குறைவு என்று தடைகள் வந்தன. விடாமல் முயன்று விலக்குப் பெற்று, 1943 டிசம்பரில் கடற்படையின் துணைப்படையில் சேர்ந்தார். 1944-இல் அவரை ஹார்வர்டின் மார்க் 1 கணினிக்கு அனுப்பினார்கள். ஏறத்தாழ 15 மீட்டர் நீளம், 5 டன் எடை கொண்ட இயந்திரம் அது. அவர் கணினியை முதன்முதலாகப் பார்த்தபோது வயது 37.

குறிப்பேட்டிலிருந்து நூலகத்துக்கு

அந்நாளில் கணினிக்கான கட்டளைகளை எண்களாக எழுதித் தாள்நாடாவில் துளையிட வேண்டும். ஒருவர் சைன் மதிப்பைக் கணக்கிடும் துண்டு ஒன்றை எழுதிவிட்டால், மற்றவர் அதைத் தம் குறிப்பேட்டில் பார்த்து எழுதிக்கொள்வார். இங்கே இரண்டு தொல்லைகள் இருந்தன. பார்த்து எழுதும்போது எண்கள் மாறிவிடும். அதோடு, ஒரு நிரலில் தொடக்கத்தில் இருந்த துண்டை இன்னொரு நிரலின் நடுவில் வைத்தால், அதிலுள்ள நினைவக முகவரிகளை எல்லாம் கூட்டித் திருத்த வேண்டும். படித்தவர்களும் கூட்டலில் தவறுவார்கள். கூட்டுவதற்கென்றே செய்த இயந்திரம் பக்கத்தில் இருக்கும்போது, அந்த வேலையை மனிதர் ஏன் செய்ய வேண்டும்?

1949-இல் பிலடெல்பியாவில் யூனிவாக் கணினியை உருவாக்கிய எக்கெர்ட் மாக்லி நிறுவனத்தில் சேர்ந்த ஹாப்பர், இதற்கு விடை கண்டார். சரிபார்த்த துண்டுகளை எல்லாம் காந்தநாடாவில் சேமித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அழைப்பெண் கொடுத்தார். நிரல் எழுதுபவர் வேண்டிய அழைப்பெண்களை வரிசையாக எழுதினால் போதும். கணினியே நாடாவில் தேடி எடுத்து, முகவரிகளைத் திருத்தி, முழு நிரலாகக் கோத்துக் கொடுக்கும். 1952-இல் முழுமை பெற்ற இதன் பெயர் ஏ-0. துண்டுகளைத் தொகுப்பதால் இதை கம்பைலர் என்றார். அதே காலத்தில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலும் வில்க்ஸ், வீலர் போன்றோர் இத்தகைய துண்டுகளின் நூலகம் ஒன்றை அமைத்திருந்தார்கள். ஆனாலும் கணினி கணக்குத்தான் போடும், நிரல் எழுதாது என்று ஹாப்பரிடம் வாதிட்டவர்கள் பலர்.

இன்றைய நிரலில் அவர்

நோட் ஜேஎஸ் கொண்டு சர்வர் நிரல் எழுதும் மாணவர்களுக்கு இது தெரிந்த கதைதான். இன்னொரு கோப்பை அழைக்க, ஒரு படி மேலே போ, இன்னொரு படி மேலே போ என்று இரட்டைப் புள்ளிகளையும் சாய்கோடுகளையும் அடுக்குகிறோம். கோப்பை வேறு அடைவுக்கு மாற்றினால் வழி தவறிவிடும்.

ஜாசின் பக்கத்துத் தோட்டம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். கோயிலிலிருந்து இரண்டாவது லயம், நான்காவது வீடு என்று வழி சொன்ன காலம் இருந்தது. அக்குடும்பம் தாமானுக்குக் குடிபெயர்ந்ததும் அந்த வழி உதவாது. அலுவலகப் பதிவேட்டில் பெயரும் முகவரியும் இருந்தால், ஒரு வரியை மட்டும் திருத்தினால் போதும்.

நோட் ஜேஎஸ்ஸில் அந்தப் பதிவேடு, பேக்கேஜ் கோப்பிலுள்ள இம்போர்ட்ஸ் பகுதி. ஹேஷ் குறியோடு தொடங்கும் பெயரை அங்கே ஓர் அடைவோடு இணைத்துவிட்டால், எந்தக் கோப்பிலிருந்தும் அப்பெயரால் அழைக்கலாம். ஒன்றைக் கவனியுங்கள்: டைப்ஸ்கிரிப்ட் அமைப்பில் மட்டும் பெயர் கொடுத்தால் எடிட்டர் புரிந்துகொள்ளும், ஓடும் நேரத்தில் நோட் ஜேஎஸ்ஸுக்கு அது தெரியாது. பதிவேட்டை யார் படிக்கிறார் என்பதும் முக்கியம்.

எம்மொழியும் கணினிக்கு ஒன்றே

அடுத்து, எண்களுக்குப் பதிலாக ஆங்கிலச் சொற்களால் நிரல் எழுதலாம் என்றார் ஹாப்பர். அதே நிரலைப் பிரெஞ்சு, ஜெர்மன் சொற்களாலும் ஓட்டிக் காட்டியபோது நிறுவன மேலாளர்கள் திகைத்தார்கள். அமெரிக்கக் கணினி அயல்மொழியைப் புரிந்துகொள்வதாவது என்று அஞ்சினார்கள். ஆங்கிலத்தோடு நிறுத்திக்கொள்வதாக அவர் வாக்களிக்க வேண்டியதாயிற்று. உண்மையில் கணினிக்கு எந்தச் சொல்லும் ஒரு குறியீடுதான். தமிழ்ச் சொற்களால் எழுதும் 'எழில்' நிரல்மொழி இன்று இருப்பது அதற்குச் சான்று. அவருடைய ஃப்ளோமேட்டிக் மொழியின் அடிப்படையில் 1959-இல் தொடங்கிய கோபால் மொழி, பின்னர் வங்கிகளிலும் அரசு அலுவலகங்களிலும் வேரூன்றியது.

1966-இல் கடற்படை அவருக்கு ஓய்வளித்தது. அடுத்த ஆண்டே ஆறு மாதத்துக்கு மட்டும் என்று திரும்ப அழைத்தது. அந்த ஆறு மாதம் ஏறத்தாழ 19 ஆண்டுகளாக நீண்டது. 1986-இல் 79 வயதில், ரியர் அட்மிரலாக ஓய்வு பெற்றார். கூட்டங்களில் 30 சென்டிமீட்டர் நீளக் கம்பித்துண்டுகளைக் கொடுத்து, ஒரு நேனோ வினாடியில் மின்சமிக்ஞை அதிகபட்சம் போகக்கூடிய தூரம் இதுதான் என்று விளக்குவது அவர் வழக்கம். 1992 ஜனவரி 1-ஆம் நாள் மறைந்தார்.

சிறுவயதிலேயே கணினி பழகாதவர்களுக்கு இத்துறை சரிவராது என்று தயங்கும் மாணவர்கள் நம்மிடையே உண்டு. எஸ்.பி.எம். முடித்து டுரியான் துங்கலிலோ ஆயர் கெரோவிலோ கணினித்துறையில் சேரப்போகிறவர்கள், அந்த 37 வயதை நினைவில் வையுங்கள். தேடிய கோப்பு கிடைக்கவில்லை என்று திரை முதன்முறை சிவக்கும்போது பதறாமல் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: நான் எழுதிய பெயர் என்ன? கணினி அதை எங்கே தேடியது? பெரும்பாலும் விடை அங்கேயே இருக்கும்.