மைக்கேல் ஜாக்சன் மூன்வாக் ஆடிய இரவில் பால்கனியில் இருந்தவர்... யார் இந்த ஜேம்ஸ் ஜேமர்சன்?

1983 மார்ச் 25. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாகாணத்தில் உள்ள பாசடீனா நகர அரங்கம் நிரம்பி வழிகிறது. மோட்டவுன் இசை நிறுவனத்தின் 25-ம் ஆண்டு விழாவுக்கான டிவி படப்பிடிப்பு. டயானா ராஸ், ஸ்டீவி வொண்டர், மார்வின் கே, ஸ்மோக்கி ராபின்சன் என வரிசையாக நட்சத்திரங்கள். ‘பில்லி ஜீன்’ பாடலுக்கு மைக்கேல் ஜாக்சன் முதன்முதலில் மேடையில் மூன்வாக் ஆடியதும் அதே இரவில்தான்.

அன்று பால்கனியின் பின்வரிசையில் 47 வயது மனிதர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அழைப்பிதழ் வரவில்லை. பிளாக்ல டிக்கெட் வாங்கித்தான் உள்ளே வந்திருந்தார் என்று அவரது வாழ்க்கையை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இத்தனைக்கும் மோட்டவுனின் 1960-களின் ஹிட் பாடல்களில் பலவற்றுக்கு பேஸ் வாசித்தவர் அவர்தான். பெயர் ஜேம்ஸ் ஜேமர்சன்.

அடுத்த நாலரை மாதத்துக்குள் அவர் இறந்துவிட்டார். இன்று பேஸ் கிட்டார் கையில் எடுக்கும் யாரும் அவரைத் தாண்டிப் போக முடியாது. ஆனா, வாழ்ந்த காலத்தில் அவர் பெயர் ஏன் ரசிகர்களுக்குத் தெரியவே இல்லை?

முதலில், பேஸ் என்றால் என்ன?

ஒரு பாட்டைக் கேட்கும்போது குரல், கிட்டார், டிரம்ஸ் எல்லாம் காதில் தனித்தனியாக விழும். அதற்குக் கீழே ‘டும் டும்’ என்று ஓடும் ஒரு ஒலி இருக்கும். அதைப் பலர் கவனிக்கவே மாட்டார்கள். ஆனால் அதை எடுத்துவிட்டால் பாட்டு வெறும் கூடாகிவிடும். அதுதான் பேஸ். தாளத்துக்கும் ராகத்துக்கும் நடுவில் பாலம் போடும் வேலை அதனுடையது.

இந்த வேலைக்கு இரண்டு வாத்தியங்கள் உண்டு. ஒன்று, டபுள் பேஸ். ஆளுயரத்துக்கு நிற்கும் ராட்சச வயலின் மாதிரி இருக்கும். இன்னொன்று, தோளில் மாட்டிக்கொள்ளும் பேஸ் கிட்டார். இரண்டுக்கும் வழக்கமாக நான்கு தந்திகள், ஒரே சுருதி அமைப்பு. மிகக் கீழான தந்தியின் ஒலி சுமார் 41 ஹெர்ட்ஸ். செல்போன் ஸ்பீக்கரால் அந்த ஒலியை முழுசாகக் கொடுக்க முடியாது. எனவே, இந்தக் கட்டுரையில் வரும் பாடல்களைத் தேடிக் கேட்க நினைத்தால் ஹெட்போன் கட்டாயம்.

எறும்புப் புற்றில் தொடங்கிய இசை

ஜேமர்சன் பிறந்தது 1936 ஜனவரி 29-ல், தெற்கு கரோலினா மாகாணத்தின் எடிஸ்டோ தீவில். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியினர், தங்கள் மொழியையும் பாட்டையும் பெருமளவு காப்பாற்றி வைத்திருந்த கடலோரப் பகுதி அது. சிறுவனாக இருந்தபோது ஒரு குச்சியில் ரப்பர் பேண்டை இழுத்துக் கட்டி, எறும்புப் புற்றில் நட்டு, மீட்டி மீட்டி எறும்புகளை ஆட வைக்கப் பார்த்தார் என்று ஒரு கதை உண்டு.

அந்தக் காலத்தில் தென் மாநிலங்களின் இனப் பாகுபாட்டிலிருந்து தப்பவும் வேலை தேடியும் லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் வடக்கே குடிபெயர்ந்தார்கள். கார் தொழிற்சாலைகள் நிறைந்த டெட்ராய்ட் நகரம் அவர்களில் பலருக்குப் புகலிடம். ஜேமர்சனும் 1954-ல் அங்கே வந்து அம்மாவோடு வாழத் தொடங்கினார். நார்த்வெஸ்டர்ன் உயர்நிலைப் பள்ளியில்தான் டபுள் பேஸ் அவர் கைக்கு வந்தது. பள்ளிப் பருவத்திலேயே டெட்ராய்ட்டின் ஜாஸ், புளூஸ் கிளப்புகளில் வாசிக்க ஆரம்பித்துவிட்டார்.

ஒரு வீடு, ஒரு ஸ்டுடியோ

1959-ல் பெர்ரி கோர்டி என்ற இளைஞர், குடும்பத்திடம் 800 டாலர் கடன் வாங்கி ஓர் இசை நிறுவனம் தொடங்கினார். அதுதான் மோட்டவுன். டெட்ராய்ட்டின் வெஸ்ட் கிராண்ட் பூலவார்டில் ஒரு சாதாரண வீட்டை வாங்கி, வாசலில் ‘ஹிட்ஸ்வில் யுஎஸ்ஏ’ என்று போர்டு மாட்டினார். சில படிகள் இறங்கினால் ஸ்டுடியோ. மேலிருந்து தொங்கும் ஒயர்களைப் பார்த்து அதற்குக் கலைஞர்கள் வைத்த பெயர் ‘பாம்புக் குழி’. நாளுக்கு 22 மணி நேரம் அங்கே வேலை நடந்தது.

பாடகர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். பின்னால் வாசிக்கும் குழு மட்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். டிரம்ஸுக்கு பென்னி பெஞ்சமின், கீபோர்டுக்கு ஏர்ல் வான் டைக், கிட்டாருக்கு ராபர்ட் ஒயிட், பேஸுக்கு ஜேமர்சன். இவர்கள் தங்களை ‘ஃபங்க் பிரதர்ஸ்’ என்று அழைத்துக்கொண்டார்கள். பெரும்பாலானவர்கள் ஜாஸ் ஆட்கள். பகலில் ஸ்டுடியோவில் பாப் பாட்டு, இரவில் கிளப்பில் ஜாஸ் என்று வாழ்க்கை ஓடியது.

டபுள் பேஸிலிருந்து கிட்டாருக்கு

ஆரம்பத்தில் ஜேமர்சன் ஸ்டுடியோவுக்குக் கொண்டுவந்தது, பதின்வயதில் வாங்கிய ஒரு ஜெர்மன் டபுள் பேஸ். மார்த்தா அண்ட் தி வாண்டெல்லாஸ் பாடிய ‘ஹீட் வேவ்’, மேரி வெல்ஸ் பாடிய ‘மை கை’ போன்ற பாடல்களில் ஒலிப்பது அதுதான்.

ஆனால் காலம் மாறிக்கொண்டிருந்தது. 1951-லேயே லியோ ஃபெண்டர் தன் ‘பிரிசிஷன் பேஸ்’ கிட்டாரைச் சந்தைக்குக் கொண்டுவந்திருந்தார். டபுள் பேஸில் சுரம் சரியாக விழ, விரலை மிகச் சரியான இடத்தில் வைக்க வேண்டும். ஃபெண்டரின் கிட்டாரில் கழுத்தின் குறுக்கே உலோகப் பட்டைகள் இருக்கும். அவற்றைத்தான் ஃப்ரெட் என்கிறார்கள். அவை இருப்பதால் சுரம் பிசகாது. துல்லியம் என்று பொருள்படும் ‘பிரிசிஷன்’ என்ற பெயர் வந்ததும் அதனால்தான். ஆம்ப்ளிஃபயரில் சொருகினால் டிரம்ஸை மீறியும் கேட்கும். பஸ்ஸில், காரில் தூக்கிக்கொண்டும் போகலாம்.

1960-களின் தொடக்கத்தில் ஜேமர்சனும் மாறினார். சக பேஸ் கலைஞர் ஒருவர் கொடுத்த 1957 மாடல் பிரிசிஷன் பேஸ்தான் முதலில் வாசித்தது. அது திருடு போனது. பிறகு வந்ததுதான் புகழ்பெற்ற 1962 மாடல். அதற்கு ‘ஃபங்க் மெஷின்’ என்று பெயர். அதில் எந்த அலங்கார வசதியும் கிடையாது. ஒரு பிக்கப், ஒரு வால்யூம், ஒரு டோன், அவ்ளோதான். இன்றைக்குக் கடையில் கிடைக்கும் பிரிசிஷன் பேஸின் அடிப்படை அமைப்பும் ஏறக்குறைய அதேதான்.

ஒரே விரல், மாற்றாத தந்தி, ஒரு துண்டு ஸ்பாஞ்ச்

ஜேமர்சனின் ஒலி ஏன் அப்படி இருந்தது? நான்கு காரணங்கள் சொல்லலாம்.

முதலாவது, விரல். இன்று பெரும்பாலானவர்கள் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மாற்றி மாற்றி வாசிக்கிறார்கள். ஜேமர்சன் ஆள்காட்டி விரலை மட்டும் வைத்தே வாசித்தார். டபுள் பேஸில் பழகிய பழக்கம் அது. அந்த விரலுக்கு ‘கொக்கி’ என்றே பட்டப்பெயர் வந்துவிட்டது. வேகமான பாட்டிலும் அந்த ஒரே விரல்தான்.

இரண்டாவது, தந்தி. மேலே தட்டையான உலோக நாடா சுற்றிய, தடிமனான ‘ஃப்ளாட்வவுண்ட்’ தந்திகளை அவர் பயன்படுத்தினார். இதில் கீச்சொலி வராது, ஒலி உருண்டையாக இருக்கும். அறுந்தால் தவிர மாற்றவே மாட்டார். அழுக்கு ஏற ஏறத்தான் ஒலி நன்றாக இருக்கும் என்பது அவர் நம்பிக்கை.

மூன்றாவது, ஸ்பாஞ்ச். கிட்டாரின் கீழ்ப்பகுதியில் தந்திகள் முடியும் இடத்தை ஒரு உலோக மூடி மறைத்திருக்கும். அதற்குள் இருந்த ஸ்பாஞ்ச், சுரம் நீண்டு இழுக்காமல் நிறுத்திவிடும். ‘டும்ம்ம்’ என்பது ‘டும்’ என்று சுருங்கும். டபுள் பேஸின் ஒலிக்கு அது ரொம்ப நெருக்கம்.

நான்காவதுதான் முக்கியம். அவர் எதை வாசித்தார் என்பது. அதுவரை பாப் பாடல்களில் பேஸ் பெரும்பாலும் சட்ஜமும் பஞ்சமமுமாக மாறி மாறிப் போகும். ஜேமர்சன் ஜாஸ் பழக்கத்தில் இடையிடையே எதிர்பாராத சுரங்களைத் தொட்டார். தாளத்தின் அடியில் விழ வேண்டியதைக் கொஞ்சம் முன்னாடியோ பின்னாடியோ தள்ளினார். பாடகரின் மெட்டுக்குக் கீழே இன்னொரு மெட்டு ஓடியது. ஸ்டீவி வொண்டரின் ‘ஐ வாஸ் மேட் டு லவ் ஹெர்’, ஃபோர் டாப்ஸின் ‘பெர்னடெட்’ (இரண்டும் 1967) கேட்டால் இது புரியும்.

எல்லா இடத்திலும் அவர் இப்படிச் சுரங்களை அள்ளிக் கொட்டவில்லை. டெம்ப்டேஷன்ஸின் ‘மை கேர்ள்’ பாடலில் இதயத் துடிப்பு போல மிக எளிய அடிகள்தான். பாட்டுக்கு அவ்வளவு போதும் என்றால் அவ்வளவோடு நிறுத்திக்கொள்வார். புதிதாகப் பேஸ் கற்பவர்களுக்கு இந்த இரண்டு ஜேமர்சனும் பாடம்.

பாட்டு யாருடையது?

இங்கேதான் சிக்கல். இசையமைப்பாளர்கள் பல நேரங்களில் ஜேமர்சனிடம் கொடுத்தது கார்டுகள் எழுதிய ஒரு தாள் மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு அவர் அந்த இடத்திலேயே ஒரு பேஸ் வரியை உருவாக்குவார். பாட்டின் அடையாளமே சில சமயம் அந்த வரியாகிவிடும். ஆனால் ராயல்டி என்பது மெட்டும் வரியும் எழுதியவர்களுக்கு. வாசித்தவருக்கு வாசித்த கூலி. இசைத்துறையின் பொதுவான நடைமுறையே அதுதான்.

பணம் வரவே இல்லை என்று சொல்ல முடியாது. 1968-ல் அவருக்கு வாரம் 1,000 டாலர் கிடைத்தது என்று சொல்லப்படுகிறது. அன்றைக்கு அது பெரிய தொகை. கிடைக்காதது பெயர். மோட்டவுன் இசைத்தட்டுகளின் உறையில் பாடகர், பாடலாசிரியர், தயாரிப்பாளர் பெயர்கள் இருக்கும், வாசித்தவர்கள் பெயர் இருக்காது. லிவர்பூலில் இருந்து வந்த பால் மெக்கார்ட்னி தன் பேஸ் வாசிப்பில் ஜேமர்சனின் தாக்கம் பெரியது என்று பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த இசைத்தட்டுகளைக் கேட்டு ரசித்த நாட்களில் வாசித்தவர் பெயர் அவருக்கே தெரியாது.

வெளியே வாசிக்கவும் தடை இருந்தது. மீறினால் அபராதம். இருந்தாலும் ஃபங்க் பிரதர்ஸ் ரகசியமாக வெளி ஸ்டுடியோக்களுக்குப் போய் வந்தார்கள். ஜாக்கி வில்சனின் ‘ஹையர் அண்ட் ஹையர்’ (1967) அப்படி சிகாகோவில் பதிவானதுதான்.

முதன்முதலில் அச்சான பெயர்

1971-ல் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ ஆல்பம் வந்தது. வியட்நாம் போர், வேலையின்மை, போலீஸ் அடக்குமுறை போன்ற விஷயங்களைப் பேசிய ஆல்பம். தலைப்புப் பாடலுக்கு ஜேமர்சன்தான் வேண்டும் என்று மார்வின் அவரை பார் பாராகத் தேடிப்போனதாகவும், உட்கார முடியாத போதையில் இருந்த ஜேமர்சன் தரையில் மல்லாந்து படுத்தபடியே வாசித்ததாகவும் இசைத்துறையில் ஒரு கதை உலவுகிறது. போதையில் எப்படி இருந்தாரோ, பதிவில் விரல் தடுமாறவில்லை.

அந்த ஆல்பத்தின் உறையில் வாசித்த கலைஞர்களின் பெயர்கள் அச்சாகின. ஜேமர்சனின் பெயருக்கு முன்னால் ‘ஒப்பற்ற’ என்ற பொருளில் ஓர் அடைமொழி. மோட்டவுனில் அவர் வேலைக்குச் சேர்ந்து 12 ஆண்டுகள் ஆகியிருந்தன.

லாஸ் ஏஞ்சலஸில் என்ன நடந்தது?

அடுத்த ஆண்டே, 1972-ல், மோட்டவுன் லாஸ் ஏஞ்சலஸுக்கு இடம் மாறியது. ஸ்டுடியோ கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்துத்தான் பல கலைஞர்களுக்கு விஷயமே தெரிந்தது. ஜேமர்சன் நிறுவனத்தின் பின்னாலேயே போனார். 1973-ல் அந்த உறவும் முடிந்தது.

வாய்ப்பு உடனே நின்றுவிடவில்லை. மேரிலின் மக்கூவும் பில்லி டேவிஸ் ஜூனியரும் பாடிய ‘யூ டோன்ட் ஹாவ் டு பி எ ஸ்டார்’ (1976) பாடலுக்கு அவர்தான் வாசித்தார். ஆனால் ஃபேஷன் மாறிவிட்டது. பளிச்சென்று ஒலிக்கும் புதிய வகைத் தந்திகளும், கட்டைவிரலால் தந்தியை அடிக்கும் ‘ஸ்லாப்’ பாணியும் வந்துவிட்டன. புது மாதிரி ஒலி கேட்டவர்களுக்காக ஜேமர்சன் தன் பழைய தந்திகளையும் ஒற்றை விரலையும் விடவில்லை. டெட்ராய்ட் நண்பர்களும் பக்கத்தில் இல்லை. குடிப்பழக்கம் முற்றியது. அழைப்புகள் குறைந்தன.

1983-ல் மோட்டவுன் விழாவை பால்கனியிலிருந்து பார்த்தார். இறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்பு ஃபங்க் மெஷினும் திருடு போனது. ஆகஸ்ட் 2-ல், கல்லீரல் பாதிப்பின் விளைவாக வந்த சிக்கல்களால் லாஸ் ஏஞ்சலஸில் இறந்தார். உடல் அடக்கம் செய்யப்பட்டது டெட்ராய்ட்டில்.

இறந்த பிறகு வந்த புகழ்

1989-ல் ஆலன் ஸ்லட்ஸ்கி எழுதிய ‘ஸ்டாண்டிங் இன் தி ஷேடோஸ் ஆஃப் மோட்டவுன்’ புத்தகம் வெளியானது. ஜேமர்சனின் வாழ்க்கையும், அவர் வாசித்த வரிகளின் இசைக் குறிப்புகளும் அதில் இருந்தன. ரசிகர்கள் வருஷக்கணக்காகக் கேட்ட ஒலிக்கு அப்போதுதான் ஒரு முகம் கிடைத்தது. 2000-ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம், பின்னணிக் கலைஞர்களுக்காக ஒரு பிரிவைத் தொடங்கியபோது முதல் பட்டியலிலேயே அவர் இடம்பெற்றார். 2002-ல் அதே பெயரில் வந்த ஆவணப்படம் ஃபங்க் பிரதர்ஸை உலகத்துக்குக் காட்டியது. 2004-ல் அந்தக் குழுவுக்கு கிராமி வாழ்நாள் சாதனை விருது. 2020-ல் ரோலிங் ஸ்டோன் இதழ் வெளியிட்ட 50 சிறந்த பேஸ் கலைஞர்கள் பட்டியலில் முதலிடம் ஜேமர்சனுக்கு.

அவர் வாசித்த பாடல்களில் 20-க்கும் மேற்பட்டவை அமெரிக்காவின் பில்போர்டு பாப் பட்டியலில் முதலிடம் பிடித்தவை.

எங்கிருந்து கேட்க ஆரம்பிக்கலாம் என்றால், ‘மை கேர்ள்’ போதும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதல் சில நொடிகளை மட்டும் கேளுங்கள். பாடகர் குரல் வரவில்லை, புகழ்பெற்ற அந்த கிட்டார் வரியும் இன்னும் தொடங்கவில்லை. அந்த இடத்தில் கேட்பது ஜேமர்சனின் பேஸ் மட்டும்தான்.