தோல்வியையும் அச்சேற்றியவர்

பாயில் விதியை அறியாத அறிவியல் மாணவர் உண்டோ? 1627-இல் அயர்லாந்தில் செல்வக் குடியில் பிறந்த இராபர்ட் பாயில், 1662-இல் அவ்விதியை வெளியிட்டார். அதற்கு முந்தைய ஆண்டே, கைகூடாத சோதனைகளைப் பற்றி இரு கட்டுரைகளை அச்சேற்றினார். ஒரே பெயரில் விற்கும் சரக்கும் தூய்மையில் வேறுபடும். ஆதலால் ஒருமுறை பலித்ததை நம்பிவிடலாகாது என எச்சரித்தார். 1691-இல் மறைந்தார்.

உளவியலில் இன்றும் வெற்றி கண்ட ஆய்வுகளே பெரிதும் அச்சேறுகின்றன. மற்றவை மேசை இழுப்பறையில் உறங்குகின்றன. இக்குறையை 1979-இல் இராபர்ட் ரோசந்தால் எடுத்துக்காட்டினார். அச்சில் வந்தவற்றை மட்டும் கொண்டு சராசரி கண்டால், சிறு விளைவும் பெரிதாகத் தோன்றும்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதல் கல்லூரி கண்டவன் நான். தவறிவிடுவேனோ என்றஞ்சி, ஆய்வுக்கூடத்தில் நண்பனின் அளவீட்டைப் பார்த்தெழுதியதுண்டு. பாயிலை அறிந்தபின், எனக்கு வந்த அளவையே எழுதுகிறேன்.