பெயர் இல்லாமல் அச்சான வரலாறு

புதுதில்லி: வெண்புறாவைப் பறக்கவிடும் ஜவாஹர்லால் நேரு. செங்கோட்டையில் ஏறும் மூவர்ணக் கொடி. மகாத்மா காந்தியின் இறுதிச் சடங்கு. பிரிவினைத் திட்டத்துக்குக் கை உயர்த்தி ஒப்புதல் தரும் காங்கிரஸ் தலைவர்கள். பாடநூல்களிலும் சுதந்திர தினச் சிறப்பு மலர்களிலும் இந்தப் படங்களைப் பார்த்திராதவர் மிகக் குறைவு. ஆனால், இவற்றை எடுத்தவர் யார் என்று கேட்டால் விடை சொல்லக்கூடியவர்கள் அதைவிடவும் குறைவு.

அவர் ஹோமாய் வியாரவாலா. இந்தியப் பத்திரிகை உலகின் முதல் பெண் புகைப்படக் கலைஞர். 1942 முதல் 1970 வரை தலைநகரின் அரசியலைக் கேமராவில் பதிவு செய்தவர். பின்னர் அந்தக் கேமராவைக் கீழே வைத்துவிட்டு, ஏறத்தாழ கால் நூற்றாண்டு காலம் பொது வாழ்விலிருந்தே ஒதுங்கியிருந்தார். முதுமையில் தனது பழைய படங்களுக்கு மீண்டும் முகம் கொடுக்க நேர்ந்தபோது அவர் சொல்லத் தொடங்கிய நினைவுகள், இன்று அப்படங்களுக்கே சாட்சியாக நிற்கின்றன.

ஒரு ரூபாய் ஊதியம்

குஜராத் மாநிலம் நவ்சாரியில் 1913-ம் ஆண்டு டிசம்பர் 9-ம் தேதி பார்சி குடும்பம் ஒன்றில் பிறந்தார் ஹோமாய். தந்தை ஊர் ஊராகச் சென்று நாடகம் நடத்திய குழு ஒன்றில் நடிகர். குடும்பம் பின்னர் பம்பாயில் நிலைகொண்டது. அங்கு கல்லூரிப் படிப்பை முடித்த ஹோமாய், சர் ஜே.ஜே. கலைப் பள்ளியிலும் பயின்றார். 13 வயதில் அறிமுகமான மானெக்ஷா வியாரவாலாவிடமிருந்து புகைப்படக் கலையைக் கற்றார். பிற்காலத்தில் அவரையே மணந்தார்.

1938-ல் பெண்கள் குழு ஒன்றின் உல்லாசப் பயணத்தை அவர் எடுத்த படங்களை 'பாம்பே கிரானிக்கிள்' நாளிதழ் வெளியிட்டது. படம் ஒன்றுக்கு ஒரு ரூபாய் கிடைத்தது. தொடர்ந்து 'இல்லஸ்ட்ரேட்டட் வீக்லி' வார இதழிலும் அவரது படங்கள் இடம்பெற்றன. ஆயினும் அத்தொடக்க காலப் படங்கள் பலவற்றின் கீழ் அச்சானது கணவரின் பெயர். பெயர் அறியப்படாத ஓர் இளம் பெண் எடுத்த படம் என்றால் பத்திரிகை அலுவலகங்களில் மதிப்பு கிடைக்காது என்ற நிலை அன்று இருந்தது.

தெருவில் புடவையுடன் கேமராவைத் தூக்கித் திரிந்த பெண்ணை மக்கள் வேடிக்கையாகவே பார்த்தனர். அதனால் காவலர்கள் மறித்திருக்கக்கூடிய இடங்களிலும் அவர் தடையின்றி நுழைய முடிந்தது. படம் அச்சாகி வந்த பிறகே அது விளையாட்டல்ல, தொழில் என்பது பிறருக்கு விளங்கியது. அலட்சியமே தமக்கு அனுமதிச் சீட்டாக அமைந்ததைப் பிற்காலத்தில் அவர் சிரிப்புடனேயே நினைவுகூர்ந்தார்.

தலைநகரின் 'டால்டா 13'

இரண்டாம் உலகப் போரின்போது, 1942-ல், பிரிட்டிஷ் தகவல் சேவைப் பிரிவில் பணியேற்று இத்தம்பதியர் தில்லிக்கு வந்தனர். பணி நேரத்துக்கு வெளியே பத்திரிகைகளுக்குப் படம் எடுக்கவும் அவருக்கு அனுமதி இருந்தது. தொடக்க ஆண்டுகளில் ஹோமாய் சைக்கிளிலேயே கேமராக்களைச் சுமந்து தலைநகரைச் சுற்றி வந்தார். அவர் எடுத்த படங்களைக் கழுவி அச்சிடும் இருட்டறை வேலையை மானெக்ஷா கவனித்துக்கொண்டார்.

பிறந்த ஆண்டு 1913. கணவரைச் சந்தித்தது 13 வயதில். அவரது முதல் காரின் பதிவு எண் டி.எல்.டி. 13. இந்த ஒற்றுமைகளை வைத்து 'டால்டா 13' என்ற புனைபெயரை அவர் ஏற்றார். கணவரின் பெயர், புனைபெயர், பெயரே இல்லாமை என மூன்று நிலைகளிலும் அவரது படங்கள் அச்சேறின. வாசகர் நினைவில் ஒரே பெயராக அவர் பதியாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

1947 ஜூனில் பிரிவினைத் திட்டத்தின் மீது நடந்த வாக்கெடுப்பு, பாகிஸ்தானுக்குப் புறப்படும் முன் முகம்மது அலி ஜின்னா நடத்திய பத்திரிகையாளர் சந்திப்பு, மௌன்ட்பேட்டன் விடைபெற்ற நாள், 1956-ல் சிக்கிம் எல்லை வழியே இந்தியாவுக்கு வந்த இளம் தலாய் லாமா, 1959-ல் அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவர், 1961-ல் எலிசபெத் ராணி என அவரது கேமரா காணாத நிகழ்வு அக்காலத் தலைநகரில் மிகக் குறைவு. இன்றுள்ள பாதுகாப்பு வளையங்கள் அன்று இல்லை. தலைவர்களுக்குச் சில அடி தொலைவில் புகைப்படக் கலைஞர்கள் நிற்க முடிந்தது. அந்த நெருக்கத்தை எவரும் தவறாகப் பயன்படுத்தக் கூடாது என்ற எழுதாத விதியும் அவர்களிடையே இருந்தது.

எடுக்கப்படாத ஒரு படம் மட்டும் அவரை வாழ்நாள் முழுவதும் உறுத்தியது. 1948 ஜனவரி 30-ம் தேதி பிர்லா மாளிகைப் பிரார்த்தனைக் கூட்டத்துக்குப் புறப்பட்ட அவர், கணவர் அழைத்ததால் பாதியில் திரும்பினார். அன்று மாலை அங்கு காந்தி சுட்டுக் கொல்லப்பட்டார்.

கால் நூற்றாண்டு மௌனம்

1964-ல் நேரு மறைந்தார். ஹோமாயின் கேமராவுக்கு மிகவும் விருப்பமான முகம் அவருடையது. இறுதிச் சடங்கைப் படமெடுத்த நேரத்தில், சக புகைப்படக் கலைஞர்கள் பார்க்காதபடி முகத்தை மறைத்துக்கொண்டு அழுததை ஹோமாய் பிற்காலத்தில் தெரிவித்தார். 1969-ல் மானெக்ஷாவும் காலமானார்.

அடுத்த ஆண்டு ஹோமாய் தொழிலை விட்டார். புதிதாக வந்த புகைப்படக்காரர்களின் முண்டியடிப்பும், நிகழ்ச்சிகளில் கண்ணியம் குறைந்துபோனதும் தம்மை விலகச் செய்தன என்பது அவர் தந்த விளக்கம். ராஜஸ்தானின் பிலானியில் கல்லூரி ஆசிரியராக இருந்த ஒரே மகனுடன் சில காலம் வாழ்ந்தார். பின்னர் இருவரும் வதோதராவில் குடியேறினர். 1989-ல் மகனையும் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அதன் பிறகு ஒரு சிறிய வீட்டில் தனியாகவே வாழ்ந்தார். வீட்டுப் பராமரிப்பு முதல் தோட்ட வேலை வரை அனைத்தையும் தாமே செய்தார். தேசத்தின் பிறப்பைப் படமெடுத்தவர் ஒருவர் அந்நகரில் வசிக்கிறார் என்பதை அறிந்தவர் மிகச் சிலரே.

நினைவுகள் திரும்பிய காலம்

1990-களில் தில்லி ஜாமியா மில்லியா பல்கலைக்கழக ஆசிரியை சபீனா கடிஹோக் அவரைத் தேடிச் சென்றார். பெண் புகைப்படக் கலைஞர்கள் மூவரைப் பற்றி அவர் இயக்கிய ஆவணப்படம் 1998-ல் வெளியானது. அம்மூவரில் மூத்தவர் ஹோமாய். பழைய அச்சுப் படங்களையும் நெகட்டிவ்களையும் ஒன்றொன்றாக முன்வைத்துத் தொடர்ந்த உரையாடல்கள், 2006-ல் ஹோமாயின் வாழ்வையும் படங்களையும் கூறும் பெருநூலாக உருப்பெற்றன.

அன்றாட வேலையாக எடுத்துத் தந்த படங்கள் வரலாறாக மாறியிருப்பதை, அரை நூற்றாண்டுக்குப் பின் அவற்றை மீண்டும் பார்த்தபோதே அவர் முழுமையாக உணர்ந்தார். படத்தில் இல்லாதவையும் அப்போது நினைவுக்கு வந்தன. பளிச்சிடும் விளக்கை காந்தி சற்றும் விரும்பாதது, இந்தப் பெண் தமது பார்வையைப் பறிக்காமல் விடமாட்டாள் என்று அவர் கடிந்துகொண்டது, நேரு கேமராவை அறிந்தும் அறியாதவர்போல் இயல்பாக இருக்கத் தெரிந்தவர் என்பது போன்ற செய்திகள் எந்த அரசு ஆவணத்திலும் கிடைக்காதவை.

அவரது தலைமுறையினர் எல்லோருக்கும் இந்த வாய்ப்புக் கிட்டவில்லை. காந்தி, நேரு, படேல் ஆகியோரை நெருங்கிப் படமெடுத்த குல்வந்த் ராய் 1984-ல் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற பெட்டிகள் புகைப்படக் கலைஞர் ஆதித்ய ஆர்யாவின் பொறுப்பில் இருந்து, 20 ஆண்டுகளுக்கும் மேலான பிறகே முறையாகப் பிரித்துப் பார்க்கப்பட்டன. ஆயிரக்கணக்கான படங்கள் வெளிச்சத்துக்கு வந்தன. ஆனால் அவற்றைக் காட்டி விவரம் கேட்க அவற்றை எடுத்தவர் உயிருடன் இல்லை.

விளக்கம் மாறினால்

எடுத்தவரின் பெயரும் நினைவும் ஏன் இத்தனை முக்கியம் என்பதற்கு அண்மைக் கால அரசியலே உதாரணம். விமான நிலையத்தில் தங்கை விஜயலட்சுமி பண்டிட்டை நேரு தழுவி வரவேற்கும் காட்சியும், பிரிட்டிஷ் தூதரக அதிகாரி ஒருவரின் மனைவிக்கு அவர் சிகரெட் பற்றவைத்துத் தரும் காட்சியும் ஹோமாய் எடுத்தவை. 2017-ல் இவை வேறு சில படங்களுடன் ஒட்டப்பட்டு, நேருவின் ஒழுக்கத்தைக் கேலி செய்யும் தொகுப்பாகச் சமூக ஊடகங்களில் வலம்வந்தன. உடன்பிறந்த தங்கையே அடையாளம் தெரியாத பெண்ணாக்கப்பட்டார்.

நேருவின் கொள்கைகளை விமர்சிக்க எவருக்கும் உரிமை உண்டு. பொய் விளக்கத்தால் ஒரு படத்தைச் சாட்சியாக்குவது விமர்சனம் ஆகாது. அந்தப் பொய் விரைவில் உடைபட்டதற்குக் காரணம், படம் எடுத்தவர் யார், படத்தில் இருப்பவர்கள் யார் என்ற விவரம் ஏற்கெனவே நூலில் பதிவாகியிருந்ததுதான். ஹோமாயின் நினைவுகள் பதிவாகாமல் போயிருந்தால் மறுப்பதற்கு இத்தனை வலுவான ஆதாரம் இருந்திருக்காது.

அவதூறு நோக்கம் இல்லாத தவறுகளும் உண்டு. செங்கோட்டையில் நேரு முதன்முதலாகக் கொடியேற்றியது 1947 ஆகஸ்ட் 16-ம் தேதி. அந்நாளின் படங்கள் இன்றும் ஆகஸ்ட் 15 என்ற தேதியுடன் அச்சாவது வழக்கமாகவே உள்ளது.

சட்டம் வந்த நாள்

புகைப்படக் கலைஞரை நம் சட்டமும் நெடுங்காலம் மற்றக் கலைஞர்களுக்குச் சமமாக நடத்தவில்லை. எழுத்தாளருக்கும் ஓவியருக்கும் வாழ்நாள் முழுவதும், மறைவுக்குப் பின் 60 ஆண்டுகளும் பதிப்புரிமை உண்டு. புகைப்படத்துக்கோ வெளியானதிலிருந்து 60 ஆண்டுகள் மட்டுமே என்றிருந்தது. 1947-ல் வெளியான படங்களுக்கு அந்தக் கணக்கு 2007-ம் ஆண்டுடன் முடிந்தது. எடுத்தவர் உயிருடன் இருக்கும்போதே உரிமை காலாவதியாகும் நிலை.

இந்த வேறுபாட்டை நீக்கிய பதிப்புரிமைத் திருத்த மசோதா 2012 மே மாதம் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறியது. திரைப்படப் பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்களின் உரிமையே அப்போது பெரிதும் பேசப்பட்டது. புகைப்படக் கலைஞர்களுக்கான மாற்றம் அதிகக் கவனம் பெறாமலேயே சட்டமாகியது. அதற்கு நான்கு மாதங்களுக்கு முன், 2012 ஜனவரி 15-ம் தேதி, ஹோமாய் தமது 98-வது வயதில் வதோதராவில் காலமாகியிருந்தார்.

பதிப்புரிமை வேறு, பெயருக்கான உரிமை வேறு. பதிப்புரிமையை விற்ற பின்னரும் ஒரு படைப்பைத் தனது என்று கோரும் உரிமை படைப்பாளிக்கு உண்டு என 1957-ம் ஆண்டின் சட்டமே கூறுகிறது. ஆனால் அதை நிறைவேற்றுவது நீதிமன்றத்தைக் காட்டிலும் பத்திரிகை அலுவலகங்களின் பழக்கத்தைச் சார்ந்தது. கோப்புப் படம் என்ற இரு சொற்களின் கீழ் எத்தனையோ கலைஞர்களின் உழைப்பு இன்றும் பெயரின்றி அச்சாகிறது.

2010-ல் தில்லி தேசிய நவீன கலைக்கூடத்தில் ஹோமாயின் படங்களின் பெரும் கண்காட்சி நடைபெற்றது. தமது தொகுப்பை அவர் தில்லி அல்காஜி கலை அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார். 2011-ல் பத்ம விபூஷண் விருது அளித்து நாடு அவரைக் கௌரவித்தது. முதல் படத்துக்கு ஒரு ரூபாய் பெற்ற நாளிலிருந்து 73 ஆண்டுகள் கழித்து வந்த மரியாதை அது.

ஹோமாய் நீண்ட ஆயுள் பெற்றதும், அவரைத் தேடி ஓர் ஆய்வாளர் சென்றதும் நம் நல்வாய்ப்பு. மாவட்டத் தலைநகரங்களிலும் மாநிலத் தலைநகரங்களிலும், நெருக்கடி நிலை முதல் கூட்டணி ஆட்சிகள் வரை படமெடுத்த கலைஞர்கள் பலர் இன்று முதுமையில் உள்ளனர். அவர்களது வீட்டுப் பெட்டிகளில் நெகட்டிவ்கள் ஈரத்திலும் வெப்பத்திலும் ஒட்டிப்போய்க்கொண்டிருக்கின்றன. படத்தை வருங்காலத்தில் எவரேனும் மீட்டுவிடக்கூடும். அதில் இருப்பவர் யார், அன்று நடந்தது என்ன என்று சொல்லக்கூடியவரிடம் இன்றே கேட்டு எழுதி வைக்க வேண்டும். அந்த வேலையைப் பத்திரிகைகளும் பல்கலைக்கழகங்களும் ஆவணக் காப்பகங்களும் இனியும் தள்ளிப்போட முடியாது.