ஒரு ரூபாய்ச் சம்பளக்காரர் நீதிபதியான கதை



பரிசு வாங்கும் பிள்ளைகளும், இந்த வருசம் பரிசு கிடைக்காத பிள்ளைகளும் தெரிந்துகொள்ள வேண்டியவர் சர் தி. முத்துசாமி ஐயர்.

இவர் 1832 ஜனவரி 28-இல் தஞ்சை மாவட்டத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தகப்பனார் இறந்துவிட்டார். படிப்பு நின்றது. கிராமக் கணக்குப்பிள்ளைக்கு உதவியாளாகப் போனார். சம்பளம் மாதம் ஒரே ஒரு ரூபாய்!

அந்த வட்டாரத்துத் தாசில்தார் முத்துசாமி நாயக்கர். தாசில்தார் என்றால் நம்ம ஊர் டி.ஓ. மாதிரி. கேட்ட விவரங்களைப் பிசகாமல் சொன்ன பையனின் சுறுசுறுப்பைப் பார்த்தார் அவர். இவன் படிக்க வேண்டியவன் என்று முடிவு கட்டினார். முதலில் நாகப்பட்டினத்துப் பள்ளிக்கும், பிறகு சென்னைக்கும் அனுப்பிப் படிக்க வைத்தார்.

தெருவிளக்கு வெளிச்சத்தில் முத்துசாமி படித்தார் என்று எல்லாரும் சொல்வார்கள். ஆனால் அந்தத் தாசில்தாரின் பார்வைதான் அவருக்குக் கிடைத்த முதல் வெளிச்சம்.

1854-இல் ஆங்கிலக் கட்டுரைப் போட்டியில் 500 ரூபாய் பரிசு வாங்கினார். ஒரு ரூபாய்ச் சம்பளக்காரருக்கு அது நாற்பது வருசத்துச் சம்பளத்துக்கும் மேல்! பிறகு ஆசிரியராக இருந்தார். அடுத்து மாவட்ட முன்சீப், போலீஸ் மாஜிஸ்திரேட் எனப் படிப்படியாக உயர்ந்தார். வேலை பார்த்துக்கொண்டே படித்து 1871-இல் பி.எல். பட்டமும் பெற்றார்.

சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி இவரே. இந்தியர் ஒருவர் அந்த நாற்காலியில் உட்காருவதா என்று வெள்ளைக்காரப் பத்திரிகைகள் எதிர்த்தன. அதற்குப் பதில் சொல்லவே ஆறு இளைஞர்கள் கடன் வாங்கி, 1878-இல் 'தி இந்து' பத்திரிகையைத் தொடங்கினார்கள். முதல் இதழ் வெறும் 80 பிரதிகள்தான். ஐயரோ வீண் பேச்சுக்குப் போகாமல், தம் தீர்ப்புகளாலேயே பெயர் எடுத்தார். 1891-இல் தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் இருந்தார். 1895 ஜனவரி 25-இல் காலமானார். அவருடைய சிலை சென்னை உயர்நீதிமன்றத்தில் இருக்கிறது.

கெடாவின் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் எத்தனையோ பிள்ளைகள் குடும்பக் கஷ்டத்தால் படிப்பைப் பாதியில் விட்டு வேலைக்குப் போயிருக்கிறார்கள். அவர்களில் ஒரு முத்துசாமி இல்லையென்று யார் சொல்ல முடியும்? பெற்றோர்களே, கஷ்டம் வந்தால் பிள்ளையை நிறுத்துவதற்கு முன் பள்ளிக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஆசிரியர்களாகிய நாமும் அந்தத் தாசில்தாரைப் போல் கண் திறந்து பார்ப்போம். பிள்ளைகளே, கதவைத் திறந்துவிட ஒருவர் வருவார். உள்ளே நடந்துபோக வேண்டியது நீங்கள்தான்!