நண்பரை நாடி ஆழி கடந்த அறிஞர்
எட்வேட் கார்ப்பென்ரர் சரித்திரச் சுருக்கம்

நட்பென்பது ஒருங்கு கூடி வாழுங் காலத்து மாத்திரம் நிலைபெறுவதன்று. நெடுந்தூரம் பிரிந்திருக்குங் காலத்தும் ஒருவர் நெஞ்சினின்று ஒருவர் அகலாதிருத்தலே மெய்ந்நட்பின் இலக்கணமாம். அத்தகைய நட்பின் பொருட்டு ஆழி கடந்து இலங்கைக்கு வந்து, வந்தவிடத்தில் மாணாக்கராய் அமர்ந்து, தாம் பெற்றதைத் தம் நாட்டார்க்கும் வழங்கிய ஆங்கில அறிஞர் எட்வேட் கார்ப்பென்ரர் என்பவரது சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கிக் கூறுவாம். கற்பித்தலைத் தொழிலாகக் கொண்டோர் ஊன்றி நோக்கத்தக்க செய்திகள் சில இதன்கண் உள.

கார்ப்பென்ரர் 1844-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 29-ஆந் தேதி, இங்கிலாந்தின் தென்கரையிலே பிறைற்றன் நகரை அடுத்த ஹோவ் என்னும் ஊரில், செல்வமுடைய குடும்பத்திற் பிறந்தார். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் திரினிற்றி ஹோல் என்னுங் கல்லூரியிற் பயின்று, 1868-ஆம் ஆண்டு நடந்த கணிதப் பரீட்சையிற் பத்தாம் இடம் பெற்றுத் தேறினார். அக்கல்லூரியிலேயே ஆசிரியப் பதவியும், அதனோடு கிறிஸ்துசமயக் குருத்துவமும் அவருக்குக் கிடைத்தன. உண்டி, உறையுள், வருவாய், மதிப்பு யாவுங் குறைவின்றி அமைந்த வாழ்வு அது. எனினும், தாம் உள்ளத்தால் ஒப்பாதவற்றை நாவாற் சொல்லிக்கொண்டிருத்தல் அவருக்கு இயலாதாயிற்று. 1874-ஆம் ஆண்டில் அவை அனைத்தையும் துறந்து வெளியேறினார்.

அவர் கேம்பிரிட்ஜில் இருந்த காலத்திலேதான் நம் நாட்டவராகிய பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள் அங்குள்ள கிறைஸ்ற் கல்லூரியிற் பயில வந்தார்கள். 1853-ஆம் ஆண்டு கொழும்பிற் பிறந்த அவர்கள் கார்ப்பென்ரரிலும் ஒன்பது வயது இளையவர். ஒருவர் ஆசிரியர், மற்றவர் மாணவர். ஒருவர் ஆளும் நாட்டினர், மற்றவர் ஆளப்பட்ட நாட்டினர். இவ்வேற்றுமைகளுள் ஒன்றேனும் அவர்தம் நட்பைத் தடுக்கவில்லை. அருணாசலம் அவர்கள் 1875-ஆம் ஆண்டு இலங்கைச் சிவில் சேவைக்குரிய போட்டிப் பரீட்சையில், இந்நாட்டவருள் முதல்வராகத் தேறித் தாய்நாடு திரும்பினார்கள். கடிதங்களே அதன்பின் அந்நட்பை வளர்த்தன.

கேம்பிரிட்ஜை விட்ட கார்ப்பென்ரர், கல்லூரி வாசலை மிதிக்க வகையில்லாத மக்களுக்குக் கற்பிக்கக் கருதி, வட இங்கிலாந்தின் கைத்தொழில் நகரங்களில் வான சாஸ்திரம் முதலியவற்றைப் பற்றிப் பிரசங்கஞ் செய்து வந்தார். 1877-ஆம் ஆண்டில் அமெரிக்கா சென்று, தாம் பெரிதும் மதித்த கவிஞர் வால்ற் விற்மனைக் கண்டார். தந்தையார் இறந்தபின், 1883-ஆம் ஆண்டில், செபீல்ட் நகருக்கு அணித்தாயுள்ள மில்தோர்ப் என்னுஞ் சிற்றூரில் ஏழு ஏக்கர் நிலம் வாங்கித் தம் கையாற் பயிரிட்டார். விளைந்த காய்கனிகளைச் சந்தைக்குக் கொண்டுசென்று விற்றார். பாதரட்சை தைக்கவும் கற்றுக்கொண்டார். புலாலுணவைப் பெரும்பாலும் விலக்கி வாழ்ந்தார். ஏழைகளின் உழைப்பின்மேல் ஏறியிருந்து உண்ணுதல் தகாதென்பது அவர் கொள்கை.

1880-ஐ அடுத்த ஆண்டுகளில் அருணாசலம் அவர்கள் பகவத்கீதையின் ஆங்கில மொழிபெயர்ப்பொன்றைத் தம் நண்பருக்குக் கொடுத்துதவினார்கள். தாயாரை இழந்து துயருற்றிருந்த கார்ப்பென்ரருக்கு அந்நூல் பெருந் தெளிவை அளித்தது. சனநாயகத்தை நோக்கி எனப் பொருள்படும் பெயருடைய அவரது கவிதைநூல் உருவாதற்கு அந்தத் தெளிவும் ஒரு காரணமாயிற்று. எனினும் நூலறிவு ஒன்று, அனுபவ அறிவு வேறொன்று. கீழ்நாட்டு ஞானத்தை அனுபவத்திற் கண்ட பெரியார் ஒருவரை நேரிற் காண அவர் விரும்பினார். அத்தகையார் ஒருவரை அருணாசலம் அவர்கள் அறிந்திருந்தார்கள். ஆகவே, பழைய நண்பரைக் காணும் வேட்கையும் மெய்ப்பொருளை அறியும் வேட்கையும் ஒருங்கு சேர்ந்து அவரைக் கப்பலேற்றின.

1890-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், நாற்பத்தாறாம் வயதில், அவர் இப்பிரயாணத்தை மேற்கொண்டார். ஆகாயவிமானமில்லாத காலம் அது. சூயஸ் கால்வாய் 1869-ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டிருந்தமையால் ஆபிரிக்காவைச் சுற்றிவருந் துன்பம் நீங்கியிருந்ததெனினும், இங்கிலாந்திலிருந்து கொழும்பு வரையுங் கடல்வழி ஏறத்தாழ ஏழாயிரம் மைல். அலையின் ஆட்டமும், செங்கடலின் வெப்பமும், பல வாரங்கள் ஒரே மரக்கலத்துள் அடைபட்டிருத்தலும் எவரையுஞ் சோர்விப்பன. கரை சேர்ந்த பின்னும் வழி முடியவில்லை. அருணாசலம் அவர்கள் அப்பொழுது நீதிபதியாயிருந்த குருநாகலுக்கு இருப்புப்பாதை அந்நாளில் எட்டவில்லை.

இளைத்து வந்த பிரயாணியை நண்பரது இல்லம் அன்போடு ஏற்றுக்கொண்டது. அவர் ஐரோப்பியர் கூட்டத்துள் ஒதுங்கியிராமல் குடியானவரோடு கலந்து பழகினார். ஒரு சிங்களத் தோழரோடு சிவனொளிபாத மலை ஏறினார். அநுராதபுரத்தின் இடிபாடுகளைக் கண்டார். தைப்பூச இரவிலே சைவாலய விழாவொன்றினையுந் தரிசித்தார்.

இவையெல்லாவற்றினும் சிறந்தது, இராமசுவாமி என்னும் ஞானியாரை அவர் அடைந்தமையாம். தில்லைநாதசுவாமி என்பாரிடம் உபதேசம் பெற்ற தமிழ்ப் பெரியார் அவர். கார்ப்பென்ரர் பல வாரம் அவர்பாற் சென்று கேட்டார். தமிழறியாத அவருக்கு அருணாசலம் அவர்களே மொழிபெயர்த்துரைத்தார்கள். கேம்பிரிட்ஜில் ஆசிரியராயிருந்தவர் மாணாக்கராக, அங்கு மாணவராயிருந்தவர் இடைநின்று விளக்கிய அக்காட்சி நினைக்குந்தோறும் இன்பந் தருவது.

எண்ணங்களுக்கு அடிமையாகாமல் அவற்றை வேண்டும்போது நிறுத்த வல்லனாதல், எண்ணம் ஒடுங்கியவிடத்தும் அறிவு ஒடுங்காது விளங்குதல், உயர்ந்தோர் தாழ்ந்தோர் என்னும் பேதம் நீங்கிய சமநோக்கு, புறத்தால் அசையாத மனவமைதி என்பனவே அவர் அங்குக் கேட்டவற்றின் சாரம். ஆயின் கேட்டதனைத்தையும் ஆராயாது அவர் தலைமேற் கொண்டாரல்லர். கீழ்நாட்டார் நெறி உள்ளத்தை அடக்கும் உறுதியிற் சிறந்ததென்றும், மேல்நாட்டார் நெறி பிறர்மாட்டுச் செல்லும் அன்பாற் சிறந்ததென்றும், இரண்டும் ஒன்றையொன்று நிறைவாக்க வேண்டுமென்றும் கருதினார். நம் சமயத்தில் அன்பும் அறிவும் வேறல்ல என்பதை நாம் அவருக்கு விடையாகக் கூறலாம். ஆயினும் அவ்வன்பு வாயளவில் நில்லாது எளியோருக்கு உதவுஞ் செயலாய் நம்மிடத்து விளங்குகின்றதா என்னும் வினாவை அவர் கருத்து எழுப்புகின்றது. அதற்கு விடை நூலிலன்று, நம் ஒழுக்கத்திலேயே காட்டற்பாலது.

இலங்கையினின்று இந்தியா சென்று, தென்னாட்டுத் தேவாலயங்களையும் காசி, தில்லி, பம்பாய் முதலிய நகரங்களையுங் கண்டு 1891-ஆம் ஆண்டில் அவர் தாயகம் மீண்டார். சிவனொளிபாத மலைமுதல் எலிபந்தாக் குகைவரை என்னும் பொருள்படும் பெயரால், தாம் கண்டவற்றையும் ஞானியாரிடங் கேட்டவற்றையும் 1892-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். தமிழ் ஞானியொருவரது உபதேசம் இவ்வாறு மேல்நாட்டார் செவிக்கு எட்டியது.

அருணாசலம் அவர்கள் 1913-இற் சேர் பட்டம் பெற்று, 1919-இல் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவராகி, 1924-ஆம் ஆண்டு சனவரி மாதம் மதுரையில் இறைவனடி சேர்ந்தார்கள். நண்பர் மறைந்தும் நட்பு மறைந்திலது. ஞானத்தைக் குறித்து அருணாசலம் அவர்கள் எழுதிய கடிதங்களைக் கார்ப்பென்ரர் தொகுத்து, கீழ்த்திசை ஒளி என்னும் பொருள்படும் பெயருடன் 1927-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அப்பொழுது அவருக்கு எண்பதுக்கு மேற்பட்ட வயது. ஈராண்டு கழிந்து, 1929-ஆம் ஆண்டு யூன் மாதம் 28-ஆந் தேதி அவரும் உலக வாழ்வை நீத்தார்.

ஆசிரியரென்னும் பெயர் பூண்டபின் இனிக் கற்க வேண்டுவதில்லை என்னும் எண்ணம் எளிதில் வந்து சேரும். நாற்பத்தாறு வயதில் ஏழாயிரம் மைல் கடந்து, மொழியறியாத நாட்டில் மாணாக்கராய் அமர்ந்த இப்பெரியாரை நினைப்போர்க்கு அவ்வெண்ணம் நில்லாது. அவர் கடல் கடந்து தேடியது நமக்கு வாயிற்படியிலே கிடைப்பது. அதனை நாம் கற்று, நின்று, நம் சிறார்க்குக் கற்பிப்போமாக.