விளாதிமிர் வெர்னாத்ஸ்கி

விளாதிமிர் இவானொவிச் வெர்னாத்ஸ்கி (மார்ச் 12, 1863 - ஜனவரி 6, 1945) ரஷ்யாவிலும் உக்ரைனிலும் பணியாற்றிய கனிமவியலாளரும் புவிவேதியியலாளரும் ஆவார். நீர், கார்பன், நைட்ரஜன் முதலியவை காற்று, மண், கடல், பாறை ஆகியவற்றுக்கும் உயிரினங்களுக்கும் இடையே இடையறாது சுழன்று வருவதை ஆராயும் உயிர்ப்புவிவேதியியல் என்னும் துறையை நிறுவியவர் இவரே. 1926 ஆம் ஆண்டில் வெளியான உயிர்க்கோளம் என்ற நூல் இவருடைய தலையாய படைப்பாகும். உயிரினங்கள் புவியின் மேல் வாழ்பவை மட்டுமல்ல, புவியின் மேற்பரப்பை உருவாக்குபவையும் அவையே என்பது இவருடைய கொள்கையின் சாரம்.

இளமையும் கல்வியும்

வெர்னாத்ஸ்கி ரஷ்யப் பேரரசின் தலைநகராயிருந்த சென் பீட்டர்ஸ்பேர்க் நகரில் பிறந்தார். அன்று ரஷ்யாவில் வழங்கிய பழைய நாட்காட்டியின்படி அந்நாள் பெப்ரவரி 28 ஆகும். தந்தை இவான் வெர்னாத்ஸ்கி பொருளியல் பேராசிரியர். இளமையில் சில ஆண்டுகள் உக்ரைனின் கார்க்கிவ் நகரில் வளர்ந்த இவர், 1876 இல் குடும்பத்துடன் தலைநகருக்குத் திரும்பினார்.

சென் பீட்டர்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில் பயின்று 1885 இல் பட்டம் பெற்றார். தனிம அட்டவணையை வகுத்த மெண்டலீவ் அங்கு இவருடைய ஆசிரியர்களுள் ஒருவர். எனினும் இவர் மீது பெருந்தாக்கம் செலுத்தியவர் மண்ணியலின் தந்தை எனப்படும் வாசிலி தொக்குச்சாயெவ் ஆவார். மண் என்பது வெறும் பாறைத் துகள் அன்று. பாறை, காலநிலை, செடிகொடிகள், விலங்குகள், காலம் ஆகியவை கூடி உருவாக்கிய தனி இயற்கைப் பொருள் என்று அவர் கற்பித்தார். மாணவர் வெர்னாத்ஸ்கி அவருடைய மண் ஆய்வுப் பயணங்களில் கலந்துகொண்டார். ஆசிரியர் மண்ணில் கண்ட பிணைப்பை மாணவர் பின்னாளில் புவி முழுமைக்கும் விரித்தார்.

1886 இல் நத்தாலியா ஸ்தாரித்ஸ்காயாவை மணந்தார். இவர்களுக்கு ஜார்ஜ் என்ற மகனும் நீனா என்ற மகளும் பிறந்தனர். ஜார்ஜ் பின்னாளில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் புகழ்பெற்ற வரலாற்றாசிரியரானார்.

மாஸ்கோ ஆண்டுகள்

மியூனிக், பாரிஸ் நகரங்களில் படிகவியலும் கனிமவியலும் பயின்றபின், 1890 இல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணியில் சேர்ந்தார். அக்காலக் கனிமவியல் பெரும்பாலும் கனிமங்களை வகைப்படுத்தி அடுக்கி வைக்கும் கலையாகவே இருந்தது. ஒரு கனிமம் எவ்வாறு தோன்றியது, எவ்வாறு மாறும், அதிலுள்ள அணுக்கள் அடுத்து எங்கே செல்லும் என்ற கேள்விகளை வெர்னாத்ஸ்கி முன்வைத்தார். அணுக்களின் பயண வரலாறு என்னும் இக்கருத்தே அவருடைய பிற்கால ஆய்வுகளின் வித்து.

இவர் ஆய்வகத்துக்குள் மட்டும் அடங்கியவர் அல்லர். 1891-92 பஞ்சத்தின்போது தம்போவ் மாகாணத்தில் நண்பர்களுடன் சேர்ந்து உழவர்களுக்குக் கஞ்சித்தொட்டிகளை நடத்தினார். 1905 இல் தோன்றிய அரசியலமைப்பு மக்களாட்சிக் கட்சியின் நிறுவனர்களுள் ஒருவராக விளங்கினார். 1911 இல் பல்கலைக்கழகத்தின் தன்னாட்சியில் அரசு தலையிட்டபோது, அதை எதிர்த்துப் பதவி விலகிய பல ஆசிரியர்களுள் இவரும் ஒருவர். இருபது ஆண்டு உழைப்பில் உருவான பணியிடத்தை அவர் இவ்வாறு துறந்தார். அடுத்த ஆண்டு அறிவியல் கழகத்தின் முழு உறுப்பினரானார்.

புரட்சியும் உள்நாட்டுப் போரும்

1917 இல் இடைக்கால அரசின் துணைக் கல்வி அமைச்சராக வெர்னாத்ஸ்கி பணியாற்றினார். போல்ஷெவிக்குகள் ஆட்சியைக் கைப்பற்றியபின் உக்ரைனுக்குச் சென்றார். 1918 இல் கீவ் நகரில் நிறுவப்பட்ட உக்ரைனிய அறிவியல் கழகத்தின் முதல் தலைவரானார். ஆட்சிகள் மாறி மாறி வந்த அந்நாட்களிலும் ஒரு நூலகத்தையும் ஆய்வகங்களையும் உருவாக்க முயன்றார். உயிரினங்களின் வேதியியல் பற்றிய குறிப்புகளை முறையாக எழுதத் தொடங்கியதும் இக்காலத்திலேயே ஆகும்.

1920 இன் தொடக்கத்தில் கிரிமியாவில் தைபசுக் காய்ச்சலால் பாதிக்கப்பட்டு உயிர் பிழைத்தார். அதே ஆண்டு சிம்பெரோப்போலில் உள்ள தவ்ரீதப் பல்கலைக்கழகத்தின் தலைவரானார். நவம்பரில் தோல்வியுற்ற வெள்ளைப் படை கப்பலேறியபோது மகன் ஜார்ஜும் நாட்டை விட்டு வெளியேறினார். தந்தை செல்லவில்லை. 1921 இல் பெட்ரோகிராடுக்குத் திரும்பிய அவர், அங்கு இரகசியக் காவல்துறையால் கைது செய்யப்பட்டுச் சில நாட்களில் விடுவிக்கப்பட்டார். 1922 இல் அந்நகரில் ரேடியம் ஆய்வு நிறுவனத்தை நிறுவினார்.

அதே ஆண்டு சோர்போன் பல்கலைக்கழகத்தின் அழைப்பின் பேரில் பாரிஸ் சென்று புவிவேதியியல் விரிவுரைகள் நிகழ்த்தினார். வெளிநாட்டிலேயே தங்கியிருக்க இவர் விரும்பியதுண்டு. ஆயினும் தம் ஆய்வுக்கான ஆய்வகத்தை வெளிநாட்டில் அமைக்க நிலையான ஆதரவு கிடைக்கவில்லை. 1926 இல் சோவியத் ஒன்றியத்துக்குத் திரும்பினார்; பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டிலேயே வாழ்ந்தனர்.

உயிர்க்கோளக் கொள்கை

உயிர்க்கோளம் என்ற சொல்லை 1875 இல் முதலில் பயன்படுத்தியவர் ஆஸ்திரியப் புவியியலாளர் எட்வர்ட் சூயெஸ் ஆவார். அச்சொல்லுக்கு முழுமையான அறிவியல் பொருளைத் தந்தவர் வெர்னாத்ஸ்கி. இவர் எல்லா உயிரினங்களையும் ஒன்றாகச் சேர்த்து, எடை, வேதிச் சேர்க்கை, ஆற்றல் ஆகியவற்றால் அளக்கத்தக்க ஒரே பொருளாகக் கருதினார். அதற்கு உயிருள்ள பொருள் என்று பெயரிட்டார். செங்கடலைக் கடந்த ஒரு வெட்டுக்கிளிக் கூட்டத்தை அவர் எடுத்துக்காட்டாகத் தருவார். அதன் எடை, ஒரு நூற்றாண்டில் மனிதர் வெட்டியெடுத்த சில உலோகங்களின் எடையோடு ஒப்பிடத்தக்கது. புவிவேதியியலாளரின் கண்ணுக்கு அது பறக்கும் ஒரு பாறைத்திரள்.

தடையின்றிப் பெருக இடமும் உணவும் கிடைத்தால், ஒரு பாக்டீரியா இனம் இரண்டு நாட்களுக்கும் குறைவான காலத்தில் புவிப்பரப்பு முழுவதையும் மூடிவிடும் என்று அவர் கணக்கிட்டார். உயிரின் எடை பாறைகளின் எடைக்கு முன் மிகச் சிறியது. ஆனால் அதன் பெருகும் வேகமும், சூரிய ஒளியை வேதி ஆற்றலாக மாற்றும் திறனும் அதனைப் புவியின் மிகப்பெரும் வேதிச் சக்தியாக்குகின்றன.

உயிருள்ள பொருளின் பணிகளுள் முதன்மையானவை:

* வளிமப் பணி: ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆகியவற்றைக் காற்றுக்குத் தருதலும் எடுத்தலும்.
* செறிவாக்கும் பணி: சிதறிக் கிடக்கும் தனிமங்களை உடலில் சேர்த்தல். டயாட்டம் என்னும் நுண்பாசிகள் கடல்நீரிலிருந்து சிலிக்காவையும், சிப்பிகளும் பவளங்களும் கால்சியத்தையும் சேர்க்கின்றன.
* ஏற்ற இறக்கப் பணி: ஆக்சிஜனேற்றமும் ஒடுக்கமும். இரும்பு, கந்தகம், நைட்ரஜன் சேர்மங்களைப் பாக்டீரியாக்கள் மாற்றுவது இவ்வகையது.

தனிமங்களின் சுழற்சி

கார்பன் சுழற்சியில் தாவரங்கள் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை எடுத்து மாவுப்பொருளாக்குகின்றன. சுவாசமும் மட்கலும் அதனைத் திருப்பித் தருகின்றன. இச்சுழற்சி முற்றிலும் மூடியதன்று என்பதை வெர்னாத்ஸ்கி வலியுறுத்தினார். ஒவ்வொரு சுற்றிலும் மிகச் சிறு பங்கு நிலக்கரியாகவும் எண்ணெயாகவும் சுண்ணாம்புக்கல்லாகவும் புதைகிறது. மட்காமல் புதையும் கரிமப் பொருளுக்கு ஈடான ஆக்சிஜன் காற்றில் எஞ்சுகிறது. சுழற்சி முழுமையாக மூடியிருந்தால், தாவரங்கள் வெளியிட்ட ஆக்சிஜன் முழுவதும் மட்கலிலேயே செலவாகியிருக்கும். காற்றில் இன்றுள்ள 21% ஆக்சிஜன் உயிரின் படைப்பு என்பது இதனால் விளங்கும்.

காற்றில் 78% நைட்ரஜன் உள்ளது. ஆனால் அதன் இரு அணுக்களும் மூன்று பிணைப்புகளால் இறுகப் பிணைந்திருப்பதால், தாவரங்கள் அதை நேரடியாகப் பயன்படுத்த இயலாது. அவரை இனச் செடிகளின் வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்களும், மண்ணிலும் நீரிலும் வாழும் வேறு சிலவும் அதனை அம்மோனியாவாக்குகின்றன. மற்ற பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. வேறு சில மீண்டும் நைட்ரஜன் வளிமமாக்கிக் காற்றில் விடுகின்றன. கண்ணுக்குப் புலப்படாத உயிர்களே இச்சங்கிலியின் பெரும்பாலான கண்ணிகள்.

நீரையும் வெர்னாத்ஸ்கி ஒரு கனிமமாகவே கொண்டார். இயற்கையில் தூய நீர் இல்லை; ஒவ்வொரு நீரும் தான் கடந்து வந்த பாறை, மண், காற்று, உயிர் ஆகியவற்றின் சுவடுகளைச் சுமக்கிறது. கடலிலிருந்து ஆவியாகி, மழையாகப் பெய்து, வேர்வழி ஏறி, இலைவழி நீங்கி, ஆறாக ஓடும் நீரே மற்றெல்லாத் தனிமங்களையும் ஏற்றிச் செல்லும் ஊர்தி. இயற்கை நீர்களின் வரலாறு என்னும் பெருநூலை இவர் 1933-36 காலத்தில் வெளியிட்டார்.

ஆய்வகமும் அடக்குமுறையும்

1928 இல் லெனின்கிராடில் வெர்னாத்ஸ்கியின் உயிர்ப்புவிவேதியியல் ஆய்வகம் தொடங்கப்பட்டது. உயிரினங்களின் தனிமச் சேர்க்கையை அளப்பது அதன் முதன்மைப் பணி. இவருடைய மாணவர் அலெக்சாந்தர் வினோகிராதொவ் இவ்வாய்வுகளை முன்னெடுத்தார். ஒரு வட்டாரத்து மண்ணிலும் நீரிலும் அயோடின் குறைந்தால் அங்கு வாழும் மக்களிடம் கழலை நோய் தோன்றுவது போன்ற தொடர்புகள் இத்துறையால் தெளிவாயின.

1930களில் அரசு சார்ந்த மெய்யியலாளர்கள் இவரைக் கருத்துமுதல்வாதி என்று தாக்கினர். அறிவியலை எந்த அரசு மெய்யியலுக்கும் உட்படுத்த முடியாது என்று இவர் வெளிப்படையாகவே மறுமொழி கூறினார். பெரும் களையெடுப்பின்போது இளமைக்கால நண்பர் திமித்ரி ஷாகவ்ஸ்கோய் கைது செய்யப்பட்டு 1939 இல் சுட்டுக் கொல்லப்பட்டார். கைதான நண்பர்களுக்காகவும் அறிவியலாளர்களுக்காகவும் வெர்னாத்ஸ்கி அதிகாரிகளுக்குக் கடிதங்கள் எழுதினார். அத்தகைய கடிதம் எழுதுவதே ஆபத்தாயிருந்த காலம் அது. அவர் தீண்டப்படாமல் தப்பியதற்கு, கனிம வளங்களைப் பற்றிய அவருடைய அறிவு அரசுக்குத் தேவைப்பட்டதும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

அணு ஆற்றல் மனிதன் கைக்கு வரும், அதனை நன்மைக்குப் பயன்படுத்தும் பக்குவம் அவனுக்கு வேண்டும் என்று 1922 இலேயே எச்சரித்தவர் இவர். 1940 இல் யுரேனிய ஆய்வு பற்றிய ஒரு நியூயார்க் டைம்ஸ் செய்தியை மகன் அனுப்பிவைத்தார். அதன்பின் இவருடைய முயற்சியால் சோவியத் அறிவியல் கழகத்தில் யுரேனியக் குழு அமைக்கப்பட்டது.

இறுதிக் காலம்

1941 இல் ஜெர்மனி படையெடுத்தபோது கசக்ஸ்தானின் பரோவொயே என்னும் இடத்துக்கு அனுப்பப்பட்டார். அங்கு 1943 பெப்ரவரியில் மனைவி காலமானார். அவ்வாண்டு கிடைத்த ஸ்டாலின் பரிசுத் தொகையின் பாதியை நாட்டின் பாதுகாப்புக்கு அளித்தார். மனித அறிவே ஒரு புவியியல் சக்தியாக வளர்ந்துவிட்டது, உயிர்க்கோளம் அறிவுக்கோளமாக மாறிவருகிறது என்ற கருத்தை 1944 இல் கட்டுரையாக வெளியிட்டார். 1945 ஜனவரி 6 அன்று மாஸ்கோவில் காலமானார். நொவொதேவிச்சி இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார். உயிர்க்கோளத்தின் வேதிக் கட்டமைப்பு பற்றிய இவருடைய இறுதிப் பெருநூல் 1965 இல்தான் வெளிவந்தது.

மதிப்பீடு

வெர்னாத்ஸ்கியின் எல்லாக் கருத்துகளும் நிலைபெறவில்லை. உயிர் புவியளவு பழமையானது, உயிரற்ற பொருளிலிருந்து அது தோன்றியதற்குப் புவியியல் சான்றில்லை என்று அவர் கருதினார். உயிரற்ற புவியில் வேதிவினைகளால் உயிர் தோன்றியது என்பதே இன்று பெரும்பாலான அறிவியலாளரின் நிலைப்பாடு. மனித அறிவு புவியை நல்வழியில் நடத்தும் என்ற நம்பிக்கையும் விவாதத்துக்குரியது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 280 பங்காயிருந்த கார்பன் டை ஆக்சைடு, 2020களில் 420 பங்கைக் கடந்தது. உர ஆலைகள் நைட்ரஜன் சுழற்சியையும் பெரிதும் மாற்றியுள்ளன. மனிதன் புவியியல் சக்தியாவான் என்ற அவருடைய கணிப்பு பலித்தது. அச்சக்தியை அறிவு ஆளும் என்ற பகுதி இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை.

இவருடைய கருத்துகள் ஆங்கில உலகை அடையக் காலம் பிடித்தது. யேல் பல்கலைக்கழகச் சூழலியலாளர் ஈவ்லின் ஹட்சின்சன் அவற்றைப் பரப்பினார். 1970 செப்டம்பரில் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழ் வெளியிட்ட உயிர்க்கோளச் சிறப்பிதழில் நீர், கார்பன், ஆக்சிஜன், நைட்ரஜன் சுழற்சிகளுக்குத் தனித்தனிக் கட்டுரைகள் இடம்பெற்றன. அதன் தொடக்கக் கட்டுரையை எழுதியவர் ஹட்சின்சன். உயிர்க்கோளம் நூலின் முழு ஆங்கில மொழிபெயர்ப்பு 1998 இல் வெளிவந்தது.

மாஸ்கோவின் புவிவேதியியல் ஆய்வு நிறுவனம், கீவ் நகரில் உள்ள உக்ரைன் தேசிய நூலகம் ஆகியவை இவர் பெயரைத் தாங்குகின்றன. 1996 இல் பிரித்தானியா உக்ரைனுக்கு வழங்கிய அண்டார்க்டிக் ஆய்வு நிலையத்துக்கும் இவர் பெயரே சூட்டப்பட்டது.