அசோகரின் அறயாத்திரை

டில்லிக்குச் செல்லும் அன்பர்கள் செங்கோட்டையையும் குதுப்மினாரையும் கண்டு திரும்புகின்றனர். அந்நகரின் பிரோஸ் ஷா கோட்லாவில் ஓங்கி நிற்கும் கற்றூணையோ நாம் புண்ணியத் தலமாகவே கருதுகின்றோம். அது அசோகச் சக்கரவர்த்தியின் தருமசாசனம் தாங்கிய தூண்.

மோரிய குலத்துப் பிந்துசார மன்னரின் மைந்தர் அசோகர். முடிசூடி எட்டாண்டு சென்றபின், ஏறக்குறைய கி.மு. 261-ல், கலிங்கத்தை வென்றார். போரில் மடிந்தோர் 1 இலட்சம், சிறைகொண்டு போகப்பட்டோர் 1½ இலட்சம் என்று அவர் சாசனமே கணக்குக் கூறுகின்றது. வென்றவர் மகிழ்ந்திலர், மனம் நொந்தார்.

முன்னிருந்த அரசர்கள் வேட்டைக்கும் கேளிக்கைக்கும் பயணம் போயினர். அசோகரோ முடிசூடிப் பத்தாண்டானபின் போதிமரத்தடியை நாடினார். அதுமுதல் அவர் பயணம் அறயாத்திரையாயிற்று. துறவிகளுக்குத் தானமளித்தார், முதியோர்க்குப் பொன் ஈந்தார், நாட்டுப்புறத்தாரைக் கண்டு தருமம் உரைத்தார். இருபதாண்டானபின் பகவன் புத்தர் அவதரித்த லும்பினியை வணங்கித் தூண் நாட்டினார். அவ்வூரின் வரியை நீக்கி, விளைவில் அரசுப் பங்கை எட்டிலொன்றாக்கினார். மன்னர் செய்த யாத்திரையின் பயன் உழவனின் களத்துமேட்டை எட்டிற்று.

டில்லித் தூண் முதலில் தோப்ரா என்னும் ஊரில் நின்றது. 14-ஆம் நூற்றாண்டில் பிரோஸ் ஷா துக்ளக் 42 சக்கர வண்டியிலேற்றி, யமுனை வழியே படகில் கொணர்ந்தார். மறந்துபோன அதன் எழுத்தை 1837-ல் ஜேம்ஸ் பிரின்செப் படித்தறிந்தார். ஆலமரமும் மாந்தோப்பும் கிணறும் மனிதர்க்கும் விலங்கிற்கும் பொதுவாக வழியெங்கும் அமைத்த செய்தி அதில் உளது. பொதுக்கிணற்றை அண்டவொட்டாது விலக்கப்பட்டோரின் வழிவந்த நாம், இதனைக் கண் கலங்காமல் எங்ஙனம் வாசிப்பது?

1966-ல் தென்டில்லிப் பாகாப்பூரில் அவருடைய பாறைச் சாசனம் ஒன்றும் வெளிப்பட்டது. உபாசகரான முதலாண்டில் தாம் ஊக்கமின்றி இருந்ததை அதில் அவர் மறைக்கவில்லை. பின்னர்ச் சங்கத்தை அணுகியே ஊக்கமுற்றதாகக் கூறுகின்றார். உயர்ந்தோர்க்கன்றி எளியோர்க்கும் முயற்சியால் உயர்நிலை கிட்டுமென்பதும் அதன் கருத்து.

அன்பர்களே, திரிசரணம் ஏற்ற நாளோடு நம் கடமை முடிந்ததென்று இருக்கின்றோமா? பேரரசரே தம் சோர்வைக் கல்லில் வெட்டி வைத்தாரெனில், நம் சோர்வை ஒப்புக்கொள்ள நாம் நாணுவதேன்? கயைக்கும் லும்பினிக்கும் செல்லப் பொருளில்லாதார் வருந்த வேண்டா. பக்கத்துத் தெருவில் நோயுற்றவரின் வாயிலுக்கு நடப்பதும் அறயாத்திரையே. இன்றே புறப்படுவோமாக!